பார்ஜெட்டர் ஆப்பிளின் பன்னிரண்டு குச்சிகள்

நவம்பர் புயலில் பார்ஜெட்டர் ஆப்பிள் மரம் வேரோடு சாய்ந்தது. உலகத்தில் அந்த இனத்துக்கு மிச்சமிருந்தது எங்கள் ஹெரிஃபோர்ட் தோட்டத்து மரம் ஒன்றுதான். என் கணவர் க்ளெமென்ட் முப்பது வருடம் அதற்குச் சேவகம் செய்தவர். எனக்கு அதில் பாதிகூடச் செய்ததில்லை. பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமைதான்.

ஒட்டுக் கட்ட ஜனவரியில் குச்சிகளை வெட்டினார். மீதி மரம் விறகாகிவிட்டது. மறுநாள் அவர் இடுப்பு அறுவைக்கு ஆஸ்பத்திரி போகவேண்டும்.

"பன்னெண்டு இருக்கு, ம்யூரியல். ஈரத்தாள்ல சுத்தி ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல வை. மார்ச் வரைக்கும் தூங்கட்டும்."

"தாலாட்டும் பாடணுமா?"

சொன்னபடியே வைத்தேன். மரம் விழுந்த அன்று பொறுக்கிய கடைசி ஐந்து பழங்களையும், அவர் வந்து சாப்பிடட்டும் என்று, அதே தட்டில் பத்திரப்படுத்தினேன். வீடு திரும்பியதும் சீஸோடு ஒன்றைத் தின்று கண்கலங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச்சில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டையும் வேறு ஆப்பிள் நாற்றுகளில் ஒட்டினார். ஏப்ரலில் ஊரே பூத்தது. அவை மட்டும் அசையவில்லை. மே மாதம் ஒவ்வொன்றாகப் பட்டையைக் கீறிப் பார்த்தார். எல்லாமே உள்ளே பழுப்பு.

"அந்தப் பழத்த எங்க வெச்சிருந்த?"

"அதே தட்டுலதான். குச்சிக்குப் பக்கத்துல."

கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். "பழுக்குற பழம் ஒரு வாயு விடும். அது மொட்டக் கொன்னுரும்."

"நீங்க சொல்லலியே."

"தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"விதை போட்டா?"

"அதுல வர்றது வேற இனம், ம்யூரியல்."

சாயங்காலம் பழமரச் சங்கத்து ஈனிட் போனில் விசாரித்தாள். நான் கெட்டிலோடு சமையலறையில் நின்றிருந்தேன்.

"எல்லாம் போச்சு, ஈனிட். நாந்தான், குச்சிய தப்பா வெட்டிட்டேன்" என்றார்.

அந்தச் சங்கத்துக்கே ஒட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்த மனிதர். ஈனிட் என்ன சொன்னாளோ, "ஆமாமா, வயசாயிடுச்சு" என்று சிரித்தார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். போனை வாங்கி உண்மையைச் சொல்ல எட்டடிதான் நடக்கவேண்டும். நடக்கவில்லை. அவர் போனை வைத்ததும் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொன்னார்.