நார்வே கப்பலில் என் பெயர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, போனில் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா மகன் சந்தோஷ்குமார் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "மாமா, உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

இருந்தது. மலேசியாவில் ஏதோ இலக்கிய விழா என்றார்கள், அதற்காக எடுத்தேன். விழா நடக்கவில்லை. பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் தங்கிவிட்டது.

"அப்ப நீங்களும் வந்துருங்க மாமா. மே மாசம் நார்வேல கப்பல் ஏறப் போறோம், குடும்பமா. அம்மா வர்லீங்க. அம்மா எடத்துல உங்க பேரப் போட்டுக்கறேன்" என்றான்.

நான் ராசிபுரத்தில் ஒரு டுடோரியலில் தமிழ் நடத்துகிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான்கு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். நான்கிலும் வெயில்தான் அடிக்கிறது. ஐந்தாவதிலாவது கொஞ்சம் குளிரட்டுமே என்று உடனே சரி சொன்னேன். சொன்ன கையோடு எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். பயணமே போகாமல் பயணக் கதை எழுத உட்கார்ந்தவனை நீங்கள் என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தேன். இருபுறமும் பனி மூடிய மலைகள், நடுவில் கடல், காற்றில்..." (காற்றில் என்ன? தெரியாது. நான் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணை. அதையே கொஞ்சம் குளிர வைத்து எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டுவிட்டேன்.)

"ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகள் ஒரே கப்பலில்..." (பள்ளி ஆண்டு மலர் வாசம் அடிக்கிறது.)

"அப்பாருக்கு எண்பத்து நான்கு வயது. அவருடைய ஒரே சந்தேகம்..." (இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.)

3

அப்பாருக்கு எண்பத்து நான்கு வயது. என் அக்கா வசந்தாமணியின் மாமனார். மோகனூர் சாலையில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. முன்னால் வீடு, பின்னால் முட்டைக் கோழிகள் இருக்கும் மூன்று பெரிய செட்டுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எல்லோரும் கூடினோம். சந்தோஷ்குமார் டிவியில் கப்பலைக் காட்டினான். அவன் மனைவி சத்யபிரியா எந்த நாளில் எந்த ஊர் என்று விளக்கினாள். அவர்கள் மகள் யாழினி கப்பலில் இருக்கும் நீச்சல் குளத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"அந்தக் கப்பல்ல களி கெடைக்குமா?" இதுதான் அப்பாருவின் ஒரே சந்தேகம்.

"கெடைக்காதுங்க அப்பாரு. ரொட்டி, மீனு எல்லாம் இருக்கும்" என்றான் சந்தோஷ்குமார்.

"அப்ப ராகி மாவக் கொண்டுட்டுப் போயிரலாம்."

"கப்பல்ல நாம அடுப்புப் பத்த வெக்க உட மாட்டாங்கங்க அப்பாரு" என்றாள் சத்யபிரியா.

"கேட்டுப் பாக்கோணும் அம்மிணி. மொறையாக் கேட்டா ஆரு மாட்டேங்கறாங்க?"

அக்காவின் கணவர் சின்னண்ணன், என் மச்சான், கம்பளிக் குல்லாய் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையில் வெளிவேலை அவருடையது: தீவனத்துக்குச் சரக்குப் பிடிப்பது, முட்டை லோடு அனுப்புவது, விலை பேசுவது. செட்டுக்குள் கால் வைத்தால் அவருக்குத் தும்மல் வந்துவிடும். உள்வேலை முழுவதும் அக்கா. அன்றைக்கும் அவள் வேலைக்கு நடுவில் வந்து வந்து டிவியைப் பார்த்துவிட்டுப் போனாள். மே மாத வெயிலில் பண்ணையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

(வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். முட்டைக் கோழிக்கு வெயில் ஆகாது. சித்திரையிலும் வைகாசியிலும் மத்தியானம் கூரை மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். உள்ளே பனிபோலத் தண்ணீரைத் தூவும் ஃபாகரை ஓடவிட வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். கொஞ்சம் அசந்தால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகச் சாய்ந்துவிடும். வேலைக்கு ஒடிசாக் குடும்பங்கள் இருக்கின்றன, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் 'ஊட்டு ஆளு' ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். கல்யாணமோ காதுகுத்தோ, பண்ணை வீட்டிலிருந்து ஓர் ஆள் குறைந்துதான் வருவார்கள். அந்த ஆள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.)

4

இந்தக் கதைக்கு முடிவு சீக்கிரமே கிடைத்துவிட்டது. என் அனுபவத்தில் அது அபூர்வம். படித்துப் பாருங்கள்:

"எல்லோரும் போய்விட்டார்கள். வசந்தாமணி செட் வாசலில் நின்று போனைத் திறந்தாள். பனிமலை. அதற்கு முன்னால் அவள் குடும்பம். அந்த மலையை விரலால் தொட்டாள். திரை சுட்டது."

'திரை சுட்டது' என்று எழுதிவிட்டு, எழுந்து போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போய் அக்காவுக்குப் படித்தும் காட்டினேன். தீவனம் அரைக்கும் மிஷினை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"நல்லா இருக்குது சாமி. படிக்கறவங்க அழுவாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அழுதுபோட்டு அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க. நான் அந்த செட்டு வாசல்லயே நின்னுட்டு இருக்கோணுமா?"

"கதைக்கு அதுதானக்கா..."

"கதைய உடு. நான் வரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

"போன ஞாயித்துக்கெழம. எல்லாரும் இருக்கறப்ப."

"என்னன்னு சொன்னேன்? நான் சொன்னாப்பலயே சொல்லு பாக்கலாம்."

5

வாசகரே, கொஞ்சம் சிரமம் பார்க்காமல் மேலே போய் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். அப்பாரு களி கேட்டது மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. சத்யபிரியா அடுப்பைப் பற்றிச் சொன்னது இருக்கிறது. அக்கா பேசியதாக ஒரு சொல் இல்லை. "சொல்லிவிட்டாள்" என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டேன். அப்பாதான் சொன்னார் என்றான். மச்சானிடம் கேட்டேன். "அவ எப்படி மாப்ள வருவா? கோழி இருக்குதல்ல?" என்றார். கேட்டீர்களா என்றேன். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார்.

ஆக, மூன்று ஆண்கள் கைமாற்றிக் கைமாற்றி ஒரு பெண் சொல்லாத சொல்லைச் சொன்னதாக்கிவிட்டோம். அதில் ஒருவன் எழுத்தாளன் வேறு. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுக் கதையைச் சுத்தமாகக் கொடுத்திருக்கலாம். அடிக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். நீங்களும் அதைச் சந்தேகப்படாமல்தானே தாண்டி வந்தீர்கள்?

"உனக்குப் போகோணும்னு ஆசை இருக்குதாக்கா?" என்று அக்காவிடமே திரும்பி வந்து கேட்டேன்.

"ஆசையில்லாமயா பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருக்கறேன்?"

"எப்ப எடுத்தக்கா?" என்றேன்.

"அவன் கப்பல்னு பேச்செடுத்த ஒடனே எடுத்துட்டேன். கோழிக்கு மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு சேலம் போனேன். மருந்தும் வாங்கிட்டுத்தான் வந்தேன். இந்த ஊட்டுக்கு வந்த நாள்லருந்து வெய்யக் காலத்துல கோழிக்கெல்லாம் ஃபாகரப் போட்டு உட்டுட்டு நான் வெளிய நிக்கறேன். குளுருன்னா என்னன்னு ஒருக்கா நானும் பாக்கோணும் சாமி."

"அதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கேப்பாங்கன்னு இருந்தேன். ஆரும் கேக்கல. இப்ப நானே சொல்றேன், நான் போறேன். உன்ற கதையில மாத்திக்க."

மிஷினைப் போட்டுவிட்டாள். அதற்கு மேல் பேசினாலும் கேட்காது.

6

மாற்றினேன். அதாவது, மாற்றப் பார்த்தேன்.

முதல் வழி: "பூபதி இருபது வருட அனுபவமுள்ள மேனேஜர். பண்ணையைத் தன் வீடுபோல..." அக்காவுக்குப் போனில் படித்தேன். "ஆரு இவன்?" என்றாள். கற்பனைப் பாத்திரம் என்றேன். "இப்படி ஒருத்தன் நெசமா இருந்திருந்தா நான் உன்ற புஸ்தக வெளியீட்டுக்கே வந்திருப்பேனே" என்றாள். பூபதியை வேலையை விட்டு நிறுத்தினேன்.

இரண்டாவது வழி: மே மாதத்துக்குள் கோழிகளை எல்லாம் விற்றுவிடுவது. "ஒரு செட்டு கெழடு, ஒரு செட்டு நல்லாப் போட்டுட்டு இருக்குது, ஒரு செட்டு இப்பத்தான் முட்டைக்கே வருது. எதப் புடிச்சு விப்ப?" என்றாள்.

மூன்றாவது: மச்சான் தங்கிவிடுகிறார். (எழுதினேன். இரண்டாவது வரியிலேயே தும்மினார்.)

நான்காவது: அவர்கள் பயணம் போகும் பத்து நாளும் விடாமல் மழை. (மே மாத நாமக்கல்லில் இப்படி எழுதினால் உள்ளூர் வாசகர் வீடு தேடி வந்து உதைப்பார்.)

எல்லோரையும் எழுதிப் பார்த்தாகிவிட்டது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அது யார் என்று உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாதவன்போல வரைவு மேல் வரைவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். புது ஸ்வெட்டர் வாங்கி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் கட்டில் மேல் வைத்திருந்தேன். எனக்கும் அந்தக் குளிர் வேண்டியிருந்தது. ஒரே அறையில் ஃபேன் காற்றில் இலக்கணம் நடத்தியே வயது போய்விட்ட மனிதனுக்கு அது வேண்டாமா?

அக்கா என்னை நேராகக் கேட்டுவிட்டாள். "கதையில பேரு ஊரு தெரியாதவனையெல்லாம் செட்டுக்குள்ள உடற. நீ வந்து நின்னா என்ன சாமி?"

முடியாது என்று சொல்ல நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடினேன். தமிழில் அதற்கு ஏராளமான வாக்கியங்கள் இருக்கின்றன.

"நிக்கறேன்" என்றேன்.

7

சந்தோஷ்குமார் ஊருக்கு வந்திருந்த இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மறுபடி டிவி முன்னால் கூடியிருந்தபோது அக்கா விஷயத்தைச் சொன்னாள். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாப்ளயக் கொண்டாந்து கோழிப்பண்ணைல நிறுத்தினா ஊருல என்ன பேசுவாங்க? அப்பறம் ஊட்டு ஆளு ஒருத்தர் இருக்கோணுமல்ல?"

இந்த இடத்தில் அக்காவுக்கு ஆவேசமாக ஒரு நீண்ட பேச்சு எழுதி வைத்திருந்தேன். அவள் அதைப் பேசவில்லை. அவள் பேசியது இவ்வளவுதான்:

"ஏனுங்க, சந்தோசுக்குக் காது குத்தறப்ப எந்தம்பி மடியிலதான உக்கார வெச்சீங்க? சீரு செய்யறதுக்கு ஊட்டு ஆளு, கோழிக்குத் தண்ணி அடிக்கறதுக்கு ஊட்டு ஆளு இல்லீங்களா?"

மச்சான் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தாய்மாமன் சீர் விஷயத்தில் கொங்கு நாட்டில் எவரும் எதிர்த்துப் பேசிவிட முடியாது.

அப்பாரு மட்டும், "அம்மிணி வந்தா களிக்கு ஒரு வழி பண்ணிருவா" என்றார். அவர் கவலை அவருக்கு.

சந்தோஷ்குமார் டிவியை அணைத்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது. "நான் கேட்டிருக்கோணுங்கம்மா" என்றான்.

"இப்பக் கேளு."

"வாரீங்களாம்மா?"

"வாரேன்."

கவனித்தீர்களா, மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன். அவள் வாயால் சொன்னது. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. டிக்கெட்டில் என் பெயர் போய் அவள் பெயர் வந்தது. சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தாள். ஸ்வெட்டரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கை நீளம் என்றாள், மடித்துவிட்டுக்கொண்டாள். மீதி நாளெல்லாம் என்னைச் செட்டுக்குள் நடக்க வைத்துக் கேள்வி கேட்டாள். இந்தக் கோழி ஏன் இறக்கையை விரிக்கிறது, அந்தக் குழாயில் ஏன் தண்ணீர் சொட்டவில்லை என்று. என் மாணவர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

8

இப்போது பண்ணையிலிருந்து எழுதுகிறேன். டுடோரியலுக்கு லீவு. வெளியே வெயில் வெறி பிடித்து அடிக்கிறது. மூன்று செட்டிலும் ஃபாகர் ஓடுகிறது. நேற்று மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே எடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் பட்ட பாட்டை வைத்து இன்னொரு கதை எழுதலாம், எழுத மாட்டேன். கோழிகள் பிழைத்துக்கொண்டன.

கப்பல் ஏறியதும் அக்கா போனில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "மூணாவது செட்டுல மோட்டாரு சத்தம் மாறுச்சுன்னா பாத்துட்டு நிக்காத, எலக்ட்ரீசியனக் கூப்புடு" என்றாள். பின்னால் பலமாகக் காற்றுச் சத்தம். அதற்குப் பிறகு சிக்னல் இல்லை போலிருக்கிறது.

ஆகவே கதையின் முக்கியமான பகுதி நான் இல்லாத இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. முடிவுகளை நான் எழுதிப் பார்க்காமல் இல்லை. "மேல்தளத்தில் நின்ற வசந்தாமணி பனிமலையைப் பார்த்ததும் தன்னை அறியாமல்..." (நிறுத்திவிட்டேன்.) "குளிர் தாங்காமல் அறைக்குள் படுத்துக்கொண்டவள், கோழிகளை நினைத்து..." (இதையும்.) "இவ்வளவுதானா என்று..." (இதையும்தான்.)

மூன்றும் நன்றாகவே வந்தன. இரண்டாவதில் உங்களை அழ வைத்துவிடவும் முடியும். ஆனால் மூன்றிலும் அவள் சொல்லாததை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை அப்படி எழுதித்தான் அவளைச் செட் வாசலில் நிறுத்தினேன்.

அதனால் முடிவை எழுதப் போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த வாரம் அக்கா ஊருக்கு வந்துவிடுவாள். எழுதுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.