நாலரைக் கட்டை

ஹம்சினி ஒரு வாத்தியம் செய்துகொண்டிருக்கிறாள் என்பது சரஸ்வதி பூஜை வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதை மாடிப்படி ஏறவே விட்டிருக்க மாட்டார்கள்.

வீடு சித்திரகுளத்துக்கு அடுத்த தெருவில், முதல் மாடியில். கூடத்தில் எட்டு வீணைகள். அவள் அம்மா காமாக்ஷி நாற்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து பாடம் சொல்லித் தருகிறாள். மயிலாப்பூரில் வீணையைப் பாதியில் விட்ட பெண்களை எண்ணினால், அதில் பாதிப் பேர் காமாக்ஷியிடம் விட்டவர்கள்தான்.

அவர்களில் முதல் ஆள் சொந்தப் பெண். அப்போது ஹம்சினிக்குப் பதினாலு வயது. பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், ஒரு வர்ணத்தைப் பாதியில் நிறுத்தி, "அம்மா, சுருதிப் பெட்டி ஒரு இழை இறங்கியிருக்கு" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்குக் காதே கிடையாதுடி. எழுந்து உள்ளே போ."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹம்சினி எழுந்து போனாள். அடுத்த வாரம் அந்தச் சுருதிப் பெட்டி ரிப்பேருக்குப் போய் வந்தது. ரசீதில் 'சுருதி இறக்கம், சரிசெய்தது' என்று கடைக்காரர் எழுதியிருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பெட்டி சரியாகிவிட்டது, பெண்ணுக்குக் காது இல்லை என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில்கூட, "பாவம், இவளுக்கு மட்டும் சங்கீதம் வரலை" என்று யாராவது உச்சுக் கொட்டுவார்கள். ஹம்சினி மறுத்ததே இல்லை. அது பொறுமை என்று நினைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஆறாத கோபம் அது.

இப்போது அடையாறில் பிசியோதெரபிஸ்ட். கல்யாணம் செய்து பார்த்து, சரிப்படாமல் திரும்பி வந்து, பின்னறையில் இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் நடைபழக வந்த ஒரு பெரியவர், சுருட்டை விட்ட சந்தோஷத்தில் காலிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். "நல்ல மரம்மா, தோடு, வளையல் ஏதாவது போட்டு வெச்சுக்கோ." ஹம்சினி மூடியை விரலால் சுண்டினாள். ணங்கென்று பதில் வந்தது. அதில் தோட்டைப் போட்டு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

சுருட்டுப் பெட்டியில் மூன்று கம்பி கட்டிக் கிட்டார் செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மேற்கு மாம்பலத்தில் ஒரு மரக்கடையில் தேக்குச் சட்டம் ஒன்றை இழைத்து வாங்கி, பெட்டிக்குள் நுழைத்துக் கழுத்தாக்கினாள். வீணைக்கு இருப்பதுபோல் குறுக்கே மெட்டுக் கம்பி எதுவும் வைக்கவில்லை. க்ளினிக்கில் காலியான கண்ணாடி மருந்துக் குப்பி ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கி வாசிப்பதாக உத்தேசம். இதெல்லாம் சரிதான். கம்பியில்தான் கோட்டை விட்டாள்.

வீணை வீட்டுப் பெண் வேறென்ன செய்வாள்? அம்மாவின் அலமாரியிலிருந்து சாரணி, பஞ்சமம், மந்தரம் என்று மூன்று வீணைக் கம்பிகளை எடுத்துக் கட்டினாள். மந்தரம் துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கியது. தட்டினால் லொடலொட என்று கழுத்தில் அடித்தது. விறைப்பாகட்டும் என்று முறுக்கினாள். இன்னும் முறுக்கினாள். பெட்டியின் மூடி படக்கென்று விரிசல் விட்டது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டையில் கிட்டார் பழுது பார்க்கும் ஹபீபுர் ரஹ்மானிடம் போனாள். அவள் வயதுதான் இருக்கும் அவருக்கும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, வீணைக் கம்பியக் கட்டி வெச்சுகினுகீற? வீணையில கம்பி மூணடி கீது. உன் பொட்டி ரெண்டடி. தொங்காம இன்னா பண்ணும்?"

"அப்ப எதைக் கட்டறது?"

"கிட்டார் செட்டு ஒண்ணு எடுத்துக்க. ஆறுல அஞ்சாவது, நாலாவது, மூணாவது கம்பி. மீதியத் தூக்கிக் கடாசு. அஞ்சாவது கம்பி ஆறு கட்டைச் சுருதியில பேசும், அத்த அஞ்சுக்கு எறக்கு. மத்த ரெண்டையும் தொடாத. ஆனா ஒண்ணு, மூடிய ஒட்டித் தரேன், அடியில ஒரு குச்சியும் வெக்கிறேன். இனிமே வம்பா இஸ்த்தின்னா வாயப் பொளந்துக்கும், சொல்ட்டேன்."

கட்டி முடித்ததும் மூன்று கம்பியையும் வரிசையாகத் தட்டிக் காட்டினார். ஐந்து கட்டையில் ஸா, அதன் பஞ்சமம், மேல் ஸா. ஹம்சினி பிளாட்பாரத்திலேயே நின்று சிரித்துவிட்டாள். எங்கோ கடல் கடந்து யாரோ கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்திருந்தாளே, அது வீட்டு மூலையில் உறை போட்டு நிற்கும் தம்புராவின் சங்கதி! அம்மாவின் வகுப்புக்கும் சுருதி அதே ஐந்து கட்டைதான்.

புதுக்கம்பி ஒரு இடத்தில் நிற்காது. காலையில் சேர்த்தால் சாயங்காலம் இறங்கியிருக்கும். மூன்றும் ஒரே அளவாக இறங்காது என்பதுதான் தொல்லை. நடுக்கம்பி மற்ற இரண்டையும்விட அதிகம் தளர்ந்தது. பத்து நாள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பியை இழுத்து இழுத்துப் பழக்கி, எது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, நடுக்கம்பியை முன்கூட்டியே ஒரு இழை ஏற்றி வைக்கக் கற்றுக்கொண்டாள். அதை அவள் அளந்தது போனில் அல்ல, காதில்.

சரஸ்வதி பூஜை அன்று எட்டு வீணைகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, அம்பாள் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார்கள். பூஜை செய்தது காமாக்ஷியின் தம்பி வேதாந்தம். அவரும் காமாக்ஷியும் கண்ணை மூடி ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்ததும் ஹம்சினி பின்னறைக்குப் போனாள், வந்தாள், எட்டாவது வீணைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தாள், தானே ஒரு குங்குமப் பொட்டும் இட்டாள். வேதாந்தம் கண்ணைத் திறந்தபோது கற்பூரம் ஏற்ற வேண்டிய நேரம். ஒன்பது வாத்தியத்துக்கும் ஆரத்தி ஆகிவிட்டது.

காமாக்ஷியின் மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது.

"என்னடி இது? சுருட்டு நாத்தம் அடிக்கறது!"

"சுருட்டுப் பெட்டிம்மா. அதுல கம்பி கட்டியிருக்கேன்."

"சுருட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து அம்பாள் முன்னாடி வைக்கறதா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? வேதாந்தம், அதை எடுத்து வெளில வை."

வேதாந்தம் பஞ்சபாத்திரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஆரத்தி ஆயிடுத்தே அக்கா. பூஜையில வெச்சதை நாளைக்குப் புனர்பூஜை ஆற வரைக்கும் தொடப்படாது. இந்த ஆத்துல நீதானே எல்லாருக்கும் சொல்லுவே?"

சொன்னது அவளேதான், வருஷா வருஷம். ஹம்சினி இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாள் என்பதும் காமாக்ஷிக்குப் புரிந்தது. "நாளைக்கு வாசி பார்க்கலாம். கூடம் பூரா கேட்கட்டும்" என்றாள்.

இரவெல்லாம் ஐப்பசி மழை. விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்து, ஈரக்குடைகளை வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கூடவே அவர்களுடைய அம்மாக்கள். அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தை எடுத்துக் கொஞ்சமாவது வாசிக்க வேண்டும், அதுதான் வழக்கம். காமாக்ஷி எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் போட்டாள். "முதல்ல ஹம்சினி" என்றாள்.

ஹம்சினி பெட்டியை மடியில் வைத்து மூன்று கம்பியையும் தடவினாள். அரைக் கட்டை இறங்கியிருந்தது! மழை ஈரத்தில் கழுத்துச் சட்டம் இரவோடு இரவாக ஒரு நூல் வளைந்துவிட்டது.

"கேட்டேளா?" காமாக்ஷி அம்மாக்களைப் பார்த்துச் சொன்னாள். "சேரலை. ஏத்துடி."

ஹம்சினி கம்பி முறுக்கும் சாவியில் கை வைத்தாள். ஒட்டிய விரிசல் மூடியில் கோடாகத் தெரிந்தது. ஏற்றினால் வாயைப் பிளக்கும். பிறகு இந்தக் கூடத்தில் இன்னொரு இருபத்திரண்டு வருஷம் பாவப்பட்டவளாக இருக்க வேண்டியதுதான். மறுபடி ஒருமுறை மூன்றையும் தட்டினாள், சுருதிப் பெட்டியை மறந்துவிட்டு. ஸா. பா. ஸா. மூன்றும் சேர்ந்தே இறங்கியிருந்தன. பத்து நாள் பாடுபட்டுப் பழக்கிய கம்பிகள் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏத்த மாட்டேன்" என்றாள்.

"என்ன?"

"ஏத்த மாட்டேன்மா. இது நாலரைக் கட்டையில நிக்கறது. மூணும் சேர்ந்துதான் நிக்கறது. ஸா எங்கே நின்னாலும் ஸாதான்னு நீதானே சொல்லித்தருவே?"

கையை நீட்டிச் சுருதிப் பெட்டியை அணைத்தாள். அந்தக் கூடத்தில் பாடத்துக்கு நடுவில் காமாக்ஷியைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. ஒரு பையனின் அம்மா "ஐயோ" என்றாள். வெளியே மழை சொட்டுவது கேட்டது.

குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, பதினாலு வயதில் எழுந்து போன இடத்திலிருந்து அந்த வர்ணத்தை எடுத்தாள். முதல் வரியில் ஒரு இடம் தடுமாறியது. பெட்டிக்கு வீணையின் கனிவு கிடையாது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் முரட்டுத்தனம். ஆனால் கண்ணாடி வழுக்கிப் போய் நின்ற இடமெல்லாம் சுரம் ஊசி குத்தின மாதிரி நின்றது. காது இல்லாதவளுக்கு இது வராது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. காமாக்ஷிக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது.

முடித்ததும் யாரும் கை தட்டவில்லை, யாருக்கும் தைரியம் வரவில்லை. ஹம்சினி அம்மாவை நேராகப் பார்த்தாள். காமாக்ஷியின் பார்வை சுருதிப் பெட்டியில் இருந்தது. அதன்மேல் கையை வைத்தவள், போடாமல் அப்படியே இருந்தாள்.

அடுத்தது அனன்யா. பன்னிரண்டு வயது, வகுப்பில் கெட்டிக்காரி. வீணையை மடியில் சாய்த்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் விழித்தாள். "டீச்சர், பெட்டி ஆஃப்ல இருக்கு. நாங்க எதுக்குச் சேர்க்கறது?"

காமாக்ஷி கையைப் பின்னால் இழுத்து, சுருதிப் பெட்டியின் ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். தன் வீணையைப் பக்கத்தில் நகர்த்தி, கம்பியை முறுக்கும் பிரடையைப் பிடித்தாள்.

"அவளுக்குச் சேத்துக்கோங்கோ" என்றாள்.

ஹம்சினி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கீழ் ஸாவை ஓங்கித் தட்டினாள். எட்டு வீணைகளும் அரைக் கட்டை இறங்கி வருகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாள்.