தள்ளாமல் போன கார்

மகன் தர்ஷனின் புதுக் கார் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் கொடுக்கிறதாம். திருச்செங்கோட்டில் கிளம்பியதிலிருந்து இதே பேச்சு. பின்சீட்டில் மனைவி சௌந்திரத்தோடு இருந்த சின்னுசாமிக்குக் காது புளித்துவிட்டது. அவருடைய பழைய வெள்ளைக் கார் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். வழியில் அணைந்தால் தள்ளாமல் கிளம்பாது. ஆனாலும் அதை விற்ற அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சேலம் ஐந்துரோடு சிக்னலில் கார் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தது.

“சௌந்திரம், எறங்கு!”

அத்தனை வருஷப் பழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினார்கள்.

“அப்பா, பெட்ரோல் மிச்சம் பண்ண அதுவே ஆஃப் ஆவுதுங்கப்பா! ஏறுங்க!” என்று தர்ஷன் கத்துவதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனும் என்ன செய்வான், காரை எடுத்துவிட்டான்.

நீட்டிய கை நீட்டியபடி சின்னுசாமி நடுரோட்டில் நின்றார். பழையது எவ்வளவு குடித்தாலும் ஒருநாளும் அவர்களை விட்டுவிட்டுப் போனதில்லை.

பக்கத்தில் சௌந்திரம் கேட்டாள்: “ஏனுங்க, நாம இன்னும் தள்ளவே இல்லீங்களே?”