சுண்டுவிரலில் ஒரு வளையம்

இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அக்காவுக்கு வலது கால் மடங்குவதில்லை. அவளைக் காரில் ஏற்றி இறக்குவதற்குள் அத்தானுக்கு உயிர் போய் உயிர் வரும். பார்த்தான் மெக்கானிக் தம்பி. நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் அழுத்தத்தில் காரைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பூட்டி, டிக்கியில் பம்ப்பை வைத்துவிட்டான். ஒரு பொத்தானை அமுக்கினால் கார் பூனை மாதிரி தரையோடு படுத்துக்கொள்ளும். அக்கா காலை நீட்டி ஊன்றியதும் இன்னொன்றை அமுக்கினால், காரோடு சீட்டும் மேலே வந்து அவளை நிறுத்திவிடும்.

காலையில் பட்டறையில் ஆளில்லாமல் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. அக்காவும் அத்தானும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். தம்பி சாப்பிட வீட்டுக்கு வந்தான்.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி அவன் கையைப் பார்த்தாள்.

"சுண்டுவிரல்ல என்ன மோதிரம்? யாரு போட்டுவிட்டா?"

மோதிரமில்லை, எண்ணெய்க் குழாய் இணைப்பில் கசியாமலிருக்க வைக்கிற செம்பு வாஷர். காருக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது உருண்டு ஓடிவிடக் கூடாதென்று, சக்கரத்துக்கு ஒன்றாக விரலில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவது அவன் பழக்கம். நாலு மாட்டியிருந்தான். ஒன்று இன்னும் விரலிலேயே இருக்கிறது.

பிசைந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். எந்தச் சக்கரம்? வாஷர் இல்லாத இணைப்பு சும்மா ஓடும்போது தாங்கும். ஆளை வைத்து முழு உயரத்துக்குத் தூக்கினால் பிய்த்துக்கொள்ளும், கார் தொப்பென்று விழும். அந்த நேரத்தில் அக்காவின் பாதம் கதவு விளிம்புக்குக் கீழே இருக்கும்.

எச்சில் கையோடு போனை எடுத்தான். அத்தான் எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள்.

"உனக்கு நூறு ஆயுசுடா தம்பி. இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசினோம்."

"அக்கா, நான் சொல்றத..."

"இரு, கேளேன். கார் படுத்துச்சா, இங்க வாட்ச்மேன் பயந்து நாலடி தள்ளிப் போயிட்டாரு. நான் காலை வெளிய வச்சிட்டேன். உங்க அத்தான்தான் பொத்தானத் தேடிட்டிருக்காரு. கண்ணாடி எடுத்துட்டு வரலையாம்."

"காலை உள்ள எடு."

"இறங்கத்தானேடா இத்தனை கூத்தும்?"

"உன் கால்ல விழறேன்க்கா. உள்ள எடு. அத்தானைத் தொட வேணாம்னு சொல்லு."

"என்னமோ சொல்றே. இந்தக் கால் என்ன சொன்னதும் கேக்குற காலா..."

தூரத்தில் அத்தானின் குரல் கேட்டது. "ஆங், கெடச்சிடுச்சு."

பம்ப் உறுமியது. அவன் "அத்தான்" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் எதுவுமே இல்லை.

"அக்கா?"

மூச்சு மட்டும் வந்தது.

"அக்கா, கால்?"

"ஒண்ணு உள்ள இருக்கு."

"இன்னொண்ணு?"

"அதுவுந்தான். கையால தூக்கி இழுத்தேன். செருப்புதான் வெளிய மாட்டிக்கிச்சு. நசுங்கிப் போச்சுடா." அவள் குரல் இறங்கியது. "உங்க அத்தான் இன்னும் பொத்தானை அமுக்கிட்டே இருக்காரு."

"அமுக்க வேணாம்னு சொல்லுக்கா. நான் வர்றேன்."

எழுந்தவன் வளையத்தைக் கழற்றப் பார்த்தான். விரலில் இறுகிக்கொண்டு வரவில்லை. மனைவி சோப்பை எடுத்து வந்தாள்.