பட்டுத் துண்டில் பிள்ளையார்

கார் ஓட்டப் பழக்கும் யோகராஜா அண்ணையின் காரில், டாஷ்போர்டின் நடுவே, ஒரு சின்னப் பளிங்குப் பிள்ளையார் இருக்கிறார். இல்ஃபோர்டில் கார் ஓட்டப் பழகிய தமிழரில் பாதிப்பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிளட்சை மிதித்திருப்பார்கள். அவருக்குக் கீழே மஞ்சள் பட்டுத் துண்டு. பசை கிடையாது.

"கடவுளுக்குக் கீழை பசை பூசுறதோ, தங்கச்சி?" என்று அண்ணை ஒருமுறை கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பட்டில் உராய்வு குறைவு. சடாரென்று பிரேக் போட்டால் மேலே இருப்பவர் வழுக்கிப் போவார். பௌதிகம் படித்த எனக்கு இது தெரியாதா? நான் முதன்முதலாக அவசர பிரேக் பழகிய அன்று பிள்ளையார் போய்க் கண்ணாடியில் முட்டினார். தும்பிக்கையின் நுனி தெறித்துவிட்டது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து என் கால் பிரேக்கை மிதிப்பதில்லை, தடவிக் கொடுக்கிறது. போன டெஸ்டில் பரிசோதகர் நிறுத்தச் சொல்ல, கார் ஆற அமர இரண்டு வீடு தாண்டிப் போய் நின்றது. பிள்ளையார் அசையவில்லை. நான் ஃபெயில்.

அவரை எடுத்து உள்ளே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இருப்பதால்தான் எல்லாரும் பாஸ் பண்ணுகிறார்கள் என்று அண்ணை நம்புகிறார். சிரிக்காதீர்கள், நானும் நம்புகிறேன்.

சிரிக்கிற நிலைமையும் இல்லை. எசெக்ஸில் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்கு விஞ்ஞான ஆசிரியை வேலை சரிவந்திருக்கிறது. பஸ் எட்டிப் பார்க்காத ஊர். செப்டம்பருக்குள் லைசன்ஸ் இல்லாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ. வீட்டு முன் அறையில் சோபாவைத் தள்ளிவைத்து டியூஷன் சொல்லிக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு சொந்த வகுப்பறைக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன்.

டெஸ்டுக்கு முந்தின சனிக்கிழமை அதே முன் அறையில் டியூஷன் பிள்ளைகளுக்கு விசையும் இயக்கமும் பாடம். பொம்மை லொறியின் மேல் ஓர் எலுமிச்சங்காயை வைத்து உருட்டிவிட்டேன். குறுக்கே ஒரு தடித்த புத்தகம். லொறி மோதி நின்றது. காய் முன்னால் பாய்ந்து சோபாவுக்குக் கீழே போயிற்று.

"தேசிக்காயைத் தள்ளினது ஆர்?" என்று கேட்டேன்.

"லொறி," என்றான் லதீசன்.

மேனுஷா தலையை ஆட்டினாள். "ஒருத்தரும் தள்ளேல்லை மிஸ். அது தன்ர பாட்டிலை போய்க்கொண்டிருந்தது. லொறிதான் நிண்டது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் லதீசன் விடுகிற ஆளா? "மெல்லமா நிப்பாட்டினா விழாது மிஸ்," என்று புத்தகத்தை எடுத்துவிட்டு, கையால் லொறியைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக நிறுத்தினான். காய் அசையவில்லை. ஆனால் நிற்பதற்கு லொறிக்கு நிறைய இடம் வேண்டியிருந்தது. வழியில் நின்ற லெகோ மனிதன் சக்கரத்துக்குக் கீழே போய்விட்டான்.

மேனுஷா குனிந்து பார்த்தாள். "தேசிக்காய் சேஃப். ஆள் செத்துப்போனார்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் குனிந்து லெகோ மனிதனை வெளியே எடுத்தேன். பிள்ளையாரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் இத்தனை நாளும் தெருவில் போகிற யாருடைய உயிரை விலை பேசிக்கொண்டிருந்தேன்?

டெஸ்ட் அன்று பிள்ளையார் வழக்கம்போல் பட்டில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஓர் அமைதியான தெருவில் பரிசோதகர் கையை உயர்த்தி, "ஸ்டாப்!" என்றார்.

மிதித்தேன். முழுக் காலும் போட்டு மிதித்தேன். சீட் பெல்ட் தோளை இறுக்கியது. கார் அந்த இடத்திலேயே நின்றது. டங்கென்று கண்ணாடியில் ஒரு சத்தம். என் கைகள் ஸ்டியரிங்கை விட்டுக் கன்னத்துக்குப் போகவில்லை.

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினேன். கண்ணாடியோரம் சாய்ந்து கிடந்தவர் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்தார். கார்தான் அவருக்குக் கீழாக முன்னே போயிற்று. வழுக்கிக்கொண்டு வந்து பரிசோதகரின் மடியில் விழுந்தார். அந்த மனிதர் டெஸ்ட் முடியும்வரை அவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

டெஸ்ட் மையத்தில் யோகராஜா அண்ணை வாசலிலேயே நின்றார். பரிசோதகர் முதலில் பிள்ளையாரை அவர் கையில் கொடுத்தார், பிறகு என்னிடம் பாஸ் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணை தும்பிக்கையைத் தடவிப் பார்த்தார். "திரும்பவும் விழுந்தவரோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை," என்றேன். "அவர் தன்ர பாட்டிலை போனவர். நான்தான் நிண்டனான்."