ரூட்டருக்குக் கட்டிய சேலை

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், வீட்டிலிருந்த நான்கு பொருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை விட்டுவிடும். வாசல் கேமரா, கூடத்து விளக்கு, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் பிளக், அப்புறம் பின்னறையில் தொங்கும் அந்தப் பல்பு. ஓசூரில் இருக்கும் பாலமுருகனின் போனில் நான்கும் சாம்பல் நிறமாகி 'ஆஃப்லைன்' என்று காட்டும். ஆறரைக்கு அவன் மனைவியைக் கூப்பிடுவான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு ஜெயா."

"சரிங்க."

ஜெயப்ரியா எழுந்து போய் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பாள். பத்து வரை எண்ணுவாள். மறுபடி போடுவாள். "பண்ணிட்டேன்" என்பாள். "வரலையே" என்பான் அவன். "சரி, நாளைக்குப் பார்க்கலாம்." நான்கு நிமிஷம். சில நாள் ஐந்து.

அந்த நான்கு நிமிஷம்தான் இப்போது அவர்களுடைய குடித்தனம். ஆடிக் கடைசியில், வளைகாப்புக்கு நாள் குறித்திருந்த வாரத்துக்கு முந்தைய வாரம், ஏழு மாதக் குழந்தை வயிற்றிலேயே அசைவதை நிறுத்திவிட்டது. பத்தாம் நாள் பாலமுருகன் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். தீபாவளிக்கு ஒருநாள் வந்தான். பண்டிகை வீட்டில் யாரோ விருந்தாளி போல உட்கார்ந்துவிட்டுப் போனான். ஆடிக்கு முன்பெல்லாம் போனில் அவர்கள் பேசாத பேச்சில்லை. அவன் மெஸ்ஸில் சாம்பாரில் விழுந்த பல்லியிலிருந்து இவள் அடுத்த தெருவில் பார்த்த சண்டை வரை எல்லாம் பேசுவார்கள். இப்போது அவளுக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. காய்ச்சலில் வாய் கசந்துபோவதைப் போல நாள்கள் போயின, கசப்பு மட்டும் தெரியவில்லை. வைஃபை போகிறது, அதனால் அவன் கூப்பிடுகிறான். அது ஒழுங்காக வேலை செய்துவிட்டால் அவன் எதற்காகக் கூப்பிடுவான் என்று ஒருமுறை யோசித்தாள். யோசித்தபோதும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. அந்த நினைப்பு ஒரு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

புகார் கொடுத்தது மாமனார் சம்பந்தம்தான். அவருக்கு மோட்டார் பிரச்சினை. மகன் ஓசூரில் இருந்தபடியே தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த சுகம் பழகிவிட்டது.

"ரெண்டு தபா ஆளு வந்துட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தன் அடாப்டர மாத்தினான், ஒருத்தன் ஒயர மாத்தினான். பேஜாரு புடிச்ச வேலையா இருக்குது" என்று பிராட்பேண்ட் ஆபீசில் போய்க் கத்திவிட்டு வந்திருந்தார். அதனால் மார்கழி பிறந்த இரண்டாவது வாரத்தில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சந்தவாசலிலிருந்து தினமும் ஆரணிக்கு வேலைக்கு வரும் டெக்னீஷியன் கண்ணகி தன் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தினாள். கடைசி வீடு இதுதான், முடித்துவிட்டு நேராக ஊருக்குப் போய்விடலாம் என்ற கணக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஜெயப்ரியா காபி கொண்டுவந்தாள். கண்ணகி டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"அக்கா, இதப் புடிச்சிகினு எப்படி அடுப்பங்கரையில இருந்து வந்தீங்க? சுடலையா?"

"சுடுதா?" என்றாள் ஜெயப்ரியா.

கண்ணகி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினாள். ரூட்டர் கூடத்துச் சுவர் அலமாரியில் நடுத்தட்டில் இருந்தது. போனில் சிக்னல் அளக்கும் ஆப்பைத் திறந்து, வாசல், கூடம், அடுப்பங்கரை என்று ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தாள். எல்லா இடத்திலும் பச்சை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"இதுக்குள்ள போலாமாக்கா?"

"போ. பல்பு மட்டும்தான் இருக்குது."

அறையில் வேறொன்றும் இல்லைதான். வெளிர்மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர், நடுவில் ஒரு பல்பு. ஆனி மாதத்தில் பாலமுருகன் வாங்கிவந்து மாட்டியது. பதினாறு கலர் மாறும், ராத்திரியில் கண்ணை உறுத்தாமல் மங்கலாக எரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. குழந்தைக்கு வாங்கின பொருள் வேறெதுவும் இல்லை. பிறக்கும் முன் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். பல்பு வீட்டுக்கானதுதானே என்று அவன் சட்டம் பேசியிருந்தான். இன்றைக்கும், ஓசூரில் இருந்துகொண்டே, தினமும் பொழுது சாயும் முன் அதைப் போடுவான். கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். ஆறு மணிக்குள் தொடர்பு அறுந்து, அவன் போட்டது போட்டபடி சில நாள் எரியும். போடும் முன்பே அறுந்துவிட்டால் இருட்டாகவே கிடக்கும். ஜெயப்ரியா உள்ளே போவதில்லை.

"இங்கியும் சிக்னல் ஜோரா இருக்குது" என்றபடி கண்ணகி வெளியே வந்தாள். "ஒண்ணும் புரியலையே. சரியாத்தானே இருக்குது எல்லாம்?"

"அது ஆறு மணிக்குத்தான் போவும்மா. நல்ல நேரம் பாத்துப் போற மாதிரி" என்றார் சம்பந்தம்.

சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார். முகப்பு அறையில் காலையிலிருந்து பரப்பி வைத்திருந்த சேலைகளை அடுக்கி, வெள்ளைத் துணியில் கட்டி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் உடம்பு முழுக்க ஜரிகை ஓடும் டிஷ்யூ சேலைகள். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. கடைக்காரர்கள் தை பிறந்தால்தான் எடுப்பார்கள். அதுவரை அவருக்காக நெய்யும் தறிகளிலிருந்து இறங்குவதெல்லாம் இந்த வீட்டில்தான் சேரும். ரூட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு, மேலே ஒன்று, முன்னால் இரண்டு என்று அலமாரியில் அடுக்கினார். பெட்டியின் பச்சைப் புள்ளி மறைந்துபோனது.

கண்ணகி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை மஞ்சளாகி, சிவப்பாகி, ஒற்றைக் கோடாகச் சுருங்கியது.

"ஐயா, இன்னா பண்றீங்க?"

"சேலைய வெக்கிறேன். பனிக்காலம் இல்ல? ஈரம் ஏறினா ஜரிக கறுத்துடும். இந்தப் பெட்டி எப்பவும் சூடா இருக்குது. ராத்திரி பூரா கதகதன்னு இருக்கும்."

கண்ணகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"கல்யாணப் பொண்ணு மாதிரி ரூட்டருக்கு ஜரிகைச் சேலை சுத்தி வெச்சிகினு, சிக்னல் வரலன்னு என் மேனேஜர் கிட்ட வந்து கத்திட்டுப் போனீங்களே! ஜரிகையில இருக்குறது வெள்ளியும் செம்பும், ஐயா. சிக்னல் எப்படி வெளிய வரும்? பகல்ல வந்தவங்களுக்கு எப்படித் தெரியும், அப்போ சேலையெல்லாம் வெளிய கெடந்திருக்கும்."

அவள் முன்கட்டுகளை எடுத்துக் கீழே வைத்தாள். போனில் பச்சை வந்தது. திரும்ப வைத்தாள். சிவப்பு. எடுத்தாள். பச்சை.

சம்பந்தம் தன் காதைத் தடவிக்கொண்டார். "அட, நம்ம சேலைதானா?"

"கம்ப்ளெயின்ட்ட முடிக்க ஓடிபி வேணும். கனெக்‌ஷன் உங்க பையன் பேர்ல இருக்குது" என்று கண்ணகி பாலமுருகனின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "சார், ஆரணி வீட்ல இருந்து பேசறேன். சரி பண்ணியாச்சு. இப்போ ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்?"

"சரியாயிடுச்சா?" என்றான் அவன். "இப்போ முடிக்க வேணாம்மா. ரெண்டு நாளு பாத்துட்டு சொல்றேன்."

இணைப்பு அறுந்தது. "நல்ல குடும்பம்யா" என்று முணுமுணுத்தாள் கண்ணகி. "சரி பண்ணாலும் வேணான்றாரு." பையை மாட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

சம்பந்தம் கட்டுகளைப் பீரோவுக்குத் தூக்கப் போனவர் பாதியில் நின்றார்.

"பாலா கூட ஒருநாள் கேட்டான். கார்த்திக தீபத்துக்கு மறுநாளு. பனிக்குச் சேலைய எங்கப்பா வெக்கிறேன்னான். ரூட்டர் கிட்டன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, சரிப்பா, அங்கயே வைன்னான். அவனுக்கு இதெல்லாம் தெரியுமே. ஏன் சொல்லாம விட்டான்?"

ஜெயப்ரியா அவர் கையிலிருந்த கட்டுகளைப் பார்த்தாள். ஆறிப்போன காபி டம்ளர் அவள் கையில் இருந்தது.

"மாமா, சேலைய அங்கயே வெச்சிடுங்க" என்றாள்.

"ஏம்மா? இப்பதான அந்தப் பொண்ணு—"

"இன்னிக்கு மட்டும்."

அவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டுகளை ஒவ்வொன்றாகப் பழையபடி அடுக்கிவிட்டு, டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போனார். ரூட்டரின் பச்சைப் புள்ளி மறுபடி மறைந்துபோனது.

ஆறரைக்குப் போன் வந்தது.

"ஆஃப்லைன்னு காட்டுது" என்றான் பாலமுருகன்.

"ம்."

"அந்தப் பொண்ணு சரி பண்ணிட்டேன்னு சொல்லுச்சே."

"பண்ணிட்டா. சேலைய எடுத்தா வருது. நான்தான் திரும்ப வெக்கச் சொன்னேன்."

ஷிப்ட் முடிந்து வெளியே வந்திருப்பான் போல. பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமாமே" என்றாள். "தீபத்துல இருந்து."

"தெரியும்."

"அப்புறம் ஏன் தெனம் என்னை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வெக்கிறீங்க?"

"வேற இன்னான்னு சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல ஜெயா."

அவள் நெஞ்சில் எதுவும் பொங்கவில்லை. ஆனால் தரை ஜில்லென்று இருந்தது. வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"பின்னாடி ரூம் பல்ப ஏங்க தெனம் போடறீங்க? அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லதான்" என்றான். "இருட்டா கெடக்க வேணான்னு."

ஆடிக்குப் பிறகு அவர்களுக்குள் அந்த அறையைப் பற்றிப் பேச்சு வந்தது அதுதான் முதல்முறை. ஜெயப்ரியா போனைக் காதிலேயே வைத்தபடி நடந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டாக இருந்தது, பெயின்ட் வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. சுவரில் தடவி, சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டாள்.

"எரியுது" என்றாள்.

"ஆப்ல ஆஃப்லைன்னுதான் காட்டுது."

"நான் இங்கதான நிக்கிறேன். பாத்துகினு இருக்கேன்ல."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று கிளம்பிப் போயிற்று. அது அவன் போக வேண்டிய பஸ்ஸாக இருக்கலாம்.

"இன்னா கலரு?" என்று கேட்டான்.

அவள் அறைக்குள்ளே போய், பல்புக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மஞ்சள்" என்றாள்.