சக்கரம் வைத்த அரியணை

ஆமாஞ்சாமி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவன் உழைத்துச் சம்பாதித்த பெயர். பம்பு கம்பெனியின் அனுப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக, மேலாளர் எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து 'ஆமாம் சார்' புறப்பட்டுவிடும். கேள்வி முடியும்வரை காத்திருக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. "பெட்டியையெல்லாம் தலைகீழா அடுக்கி வெச்ச மடையன் நீதானா?" என்றபோதும் ஆமாம் சார்தான். அடுக்கியது வேறு ஆள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு, 'இல்லை' சொல்லும் வேடத்தைக் கொடுத்தாள் அவன் அக்கா.

நாடகம் போட வேண்டும் என்பது அக்காவின் ஆறு வருட வைராக்கியம். அவள் எடுத்ததோ அறுபது வருடத்துக்கு முந்தைய அரசியல் நாடகம். கதை சின்னது. அரசன் எதைச் சொன்னாலும் அமைச்சர்கள் "ஆம் அரசே" என்பார்கள். கடைசிக் காட்சியில் "நான் ஆள்வதுதானே நாட்டுக்கு நன்மை?" என்று கேட்பான். ஒரே ஓர் அமைச்சன் "இல்லை அரசே" என்பான். அரசன் வெளியேறுவான். திரை.

அக்கா அதைத் தூசு தட்டி இந்தக் காலத்துக்கு இழுத்து வந்தாள். அரசனுக்குக் கோட்டு, அமைச்சர்களுக்கு மடிக்கணினி, அரியணைக்குப் பதில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. வசனத்தில் மட்டும் கை வைக்க முடியாது. நாடகாசிரியரின் மகள் அனுமதிக் கடிதத்தில் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்: ஒரு சொல் மாறினாலும் நாடகம் அன்றோடு நிற்கும். முதல் நாள் முன்வரிசையில் அவரே புத்தகத்தோடு உட்காருவார்.

அரசன் வேடம் மேலாளருக்கு. ஒத்திகைக்குக் கம்பெனி உணவுக்கூடத்தைத் திறந்துவிட்டவர் அவர், நாற்காலியும் அவருடையது. அதில் வேறு யாரையாவது உட்கார வைத்துப் பார்க்கலாமா என்ற பேச்சே எழவில்லை.

"நான் ஆள்வதுதானே நாட்டுக்கு..."

"ஆம் அரசே!" என்றான் சாமி.

நாடகம் அங்கேயே படுத்துவிட்டது. அரசன் வெளியேறக் காரணமில்லாமல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான்.

"டேய், இல்லைடா! இல்லை!" என்று அக்கா கத்தினாள்.

"ஆமாக்கா. இல்லை."

"அதை என்கிட்ட சொல்லாதே, அவர்கிட்ட சொல்லு!"

எட்டு ஒத்திகை, எட்டு ஆம். மேலாளருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. "விடும்மா. இதுதான் இயல்பா இருக்கு. இப்படியே முடிச்சுட்டா என்ன?" என்றார்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் அக்கா தம்பியை ஓரமாக இழுத்துப் போனாள். "நாளைக்கும் ஆம்னு சொன்னா அந்தம்மா புத்தகத்தை மூடிக்கிட்டுப் போயிடுவாங்க. என் ஆறு வருஷமும் ஆத்துல கரைச்ச புளிதான்."

"சொல்லிடுவேன்க்கா. எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எதை வெச்சுடா?"

"எட்டு தடவை தப்பா சொல்லியாச்சு. இந்நேரம் தப்பு தீர்ந்து போயிருக்கும்."

மறுநாள் மாலை அரங்கம் நிறைந்தது. முன்வரிசையில் அந்த அம்மாள், மடியில் புத்தகம், ஒவ்வொரு வரியாக நகரும் ஆட்காட்டி விரல். கடைசிக் காட்சி வந்தது.

"நான் ஆள்வதுதானே..." என்று மேலாளர் தொடங்கினார். சாமியின் நாக்கு துள்ளியது. பல்லைக் கடித்து அடக்கினான். "...நாட்டுக்கு நன்மை?"

மேலாளரின் கேள்வி ஒன்றை அவன் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. முழுதாகக் கேட்டால் விடை இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியம்.

"இல்லை அரசே."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அரசன் வெளியேற வேண்டும். வெளியேறவில்லை. மேலாளர் நாற்காலியின் இரு கைகளையும் பிடித்தபடி, விடுமுறை கேட்டவனைப் பார்ப்பதுபோல் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் அடங்கியது. யாரோ இருமினார்கள். திரைக்குப் பின்னால் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். முன்வரிசையில் அந்த விரல் கடைசி வரியில் நின்றது.

சாமி ஒரு கணம் யோசித்தான். அனுப்புப் பிரிவுக்காரனுக்கு ஒரு பொருளை வெளியே அனுப்புவது ஒரு வேலையா? நாற்காலிக்குப் பின்னால் போனான். 'கிரீச்சுன்னு கத்துதே, எண்ணெய் போட்டியா?' என்று மேலாளர் கேட்டதற்கு ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, பிறகு ஓடிப்போய் எண்ணெய் போட்டவனும் அவன்தான். நாற்காலி வெண்ணெய்போல் வழுக்கியது. பெட்டியின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது தெரிந்தவனின் பதவிசோடு, அரசனை அலுங்காமல் குலுங்காமல் மேடைக்கு வெளியே தள்ளிப் போனான்.

திரை விழுந்தது. அரங்கம் எழுந்து நின்றது.

அந்த அம்மாள் புத்தகத்தோடு நேரே அக்காவிடம் வந்தார்.

"ஒரு சொல்லும் மாறலை," என்றார் அவர். "அப்பா 'அரசன் வெளியேறுகிறான்'னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டார். தானா போயிடுவாங்கன்னு நம்பிட்டார், பாவம். நாளைக்கும் இப்படியே போடுங்க."

பக்க மேடையில், சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த நாற்காலியில் மேலாளர் இன்னும் உட்கார்ந்திருந்தார். "என்னப்பா சாமி, என் நடிப்பு பிரமாதம்தானே?"

சாமி கேள்வி முடியும்வரை காத்திருந்தான்.

"இல்லை சார். நீங்க எழுந்து போயிருக்கணும்."

மேலாளர் நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பினார். பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"இதை அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"சொன்னேனே சார்."